ஊறுகாயும் ஒரு நாள் கூலியும்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர்காரர்களுக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் நோட்டீஸ் வந்தது. மூன்று முறை படித்தேன். 'படுக்கப் போகுமுன் பேத்தியைக் கூப்பிட்டு உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள்' என்று எழுதியிருக்கிறீர்களே, முப்பது வருட சர்வீஸில் எனக்கு இப்படி ஒரு வரி வாய்த்ததில்லை.

ஆனால் முதல் பக்கத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. காலையில் ஓட்ஸ், ஒரு ஆப்பிள். யாருக்கு? ரேஷன் அரிசிச் சோற்றில் ராத்திரியே தண்ணீர் ஊற்றி வைத்து, விடிந்ததும் ஊறுகாயோடு குடித்துவிட்டு நூறு நாள் வேலைக்கு ஓடுகிறவருக்கா? 'உப்பைக் குறைக்கவும்' என்கிறீர்கள். எந்த உப்பை? உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், மொத்தமே ஒரு டீஸ்பூன். அவருக்குக் கஞ்சியில் உப்பு, ஊறுகாயில் உப்பு, குழம்பில் உப்பு, கருவாடு என்றால் கேட்கவே வேண்டாம். ஊறுகாய்க்குப் பதில் சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், செய்வார்கள். உப்பு விஷயத்தில் நான் விடவே மாட்டேன். எதிரே உட்காருகிறவரிடம் முதலில் 'காலையில் என்ன சாப்பிட்டீங்க, தொட்டுக்க என்ன?' என்று கேளுங்கள். பிரஷர் பார்ப்பது அப்புறம்.

இன்னொன்று, மாத்திரையைத் தவறவிடுவது 'அலட்சியம்' என்ற சொல். அதை அடித்துவிடுங்கள். தொண்ணூறுகளில் செங்கல் சூளையில் வேலை பார்த்த ஒரு அம்மாவுக்குப் பிரஷர் இறங்கவே இல்லை. எல்லார் முன்னாலும் திட்டினேன். பிறகு எங்கள் கிராம சுகாதார செவிலியர் அவர் வீட்டுக்குப் போய் ஒரு பவுடர் டப்பாவை வாங்கி வந்தார். உள்ளே பாதி பாதியாக உடைத்த மாத்திரைகள். மாத்திரை வாங்க வந்தால் ஒரு நாள் கூலி போகும். அதனால் ஒரு மாத மாத்திரையை இரண்டு மாதத்துக்கு இழுத்திருக்கிறார். நான் திட்டியபோது அவர் ஏன் வாய் திறக்கவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, மாத்திரை வீட்டுக்கே வரும் என்றபோது எனக்கு அந்த டப்பாதான் கண்ணில் நின்றது. அதிலும் பகலில் போனால் கதவு பூட்டியிருக்கும். எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார் என்பதையும் சீட்டில் எழுதி வையுங்கள்.

நோட்டீஸைத் திருத்தியதும் செவிலியரிடம் வாசித்துக் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். பேத்தி வரியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு மருத்துவர்