பாம்புகளை அடுக்கு மனைகளில் வைத்துப் பேணும் முறை

பயிர்த்தொழில் செய்வோருக்கும் பாம்புகளுக்கும் உள்ள சம்பந்தம் மிகப் பழமையானது. நெல் விளையும் இடத்தில் எலி பெருகும். எலி பெருகும் இடத்தைப் பாம்பு நாடிவரும். எலியைத் தின்று தானியத்தைக் காப்பதால் பாம்பு குடியானவனுக்கு உபகாரி. தீண்டினால் உயிரையே போக்குவதால் அதுவே அவனுக்குச் சத்துருவும் ஆகிறது. 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டிருக்கலாம் என 2020-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமவாசிகள். கடிபட்டவரைக் காக்கும் மருந்தைச் செய்வதற்குப் பாம்பின் விஷமே மூலப்பொருள். ஆகவே பாம்பைப் பிடித்து, நோயின்றி வைத்திருந்து, விஷமெடுத்து, மீண்டும் விடும் தொழில் நம் நிலங்களோடு நேரான தொடர்புடையது. பாம்புகளை நெருக்கமான மனைகளில் வைக்கும் முறைகளையும் அவற்றின் காரணங்களையும் இங்கே சுருக்கமாக விளக்குவோம்.

1. பாம்பின் இயல்பு

பாம்பு தன் உடலுக்குள் போதிய உஷ்ணத்தை உண்டாக்கிக்கொள்ள இயலாத பிராணி. வெயிலிலும் சூடான மண்ணிலும் கிடந்து உஷ்ணம் பெறுகிறது. மிகுந்தால் நிழலையும் வளையையும் தேடுகிறது. வேண்டிய உஷ்ணம் கிடைக்காவிடில் உண்ட இரை செரியாது; அதைக் கக்கிவிடும்; சுவாச நோயும் பற்றும். காற்று மிக வறண்டிருந்தால் சட்டை முழுமையாக உரியாமல் துண்டு துண்டாகக் கழலும். ஈரம் மிகுந்தால் அடிவயிற்றுச் செதில்கள் புண்ணாகும். மேலும், உடலைச் சுற்றிலும் ஏதேனும் தொட்டுக்கொண்டிருக்கும் இருண்ட, குறுகிய இடத்தையே பல இனங்கள் விரும்பும். நான்கு புறமும் வெட்டவெளியாயுள்ள கூண்டில் அவை அஞ்சி இரை எடாது கிடப்பதுண்டு. மனை எதுவாயினும் உஷ்ணம், ஈரம், காற்று, மறைவு ஆகிய நான்கும் அதில் அமைந்திருத்தல் வேண்டும்.

2. மேனாட்டு இழுப்பறை அடுக்கு

அமெரிக்கா, ஐரோப்பா முதலிய தேசங்களில் விஷமற்ற பாம்புகளைப் பிரியத்துக்காக வளர்ப்போர் பலர் உளர். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த, பந்துபோல் சுருண்டுகொள்ளும் சிறு மலைப்பாம்பே அவர்களிடம் அதிகம் காணப்படுவது. அது 3 முதல் 5 அடி வரை வளரும். நல்ல பேணுதலில் 30 ஆண்டுகள்கூட வாழும். பல பாம்புகளை ஓரிடத்தில் வைப்பவர்கள் மரத்தாலோ தகட்டாலோ ஆன சட்டத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகப் பிளாஸ்டிக் தொட்டிகளை மேசை இழுப்பறைகளைப்போல் செருகி வைக்கின்றனர். மேல் தட்டின் அடிப்பாகமே கீழ்த் தொட்டிக்கு மூடியாக அமையும். இடையே சந்து இருந்தால் பாம்பு நழுவிவிடும். ஆதலால் அளவு திட்டமாயிருத்தல் வேண்டும்.

தொட்டியின் பின்பக்கத்தில் மூன்றில் ஒரு பாகத்தின்கீழ் மின்சார உஷ்ணப் பட்டை ஓடும். அவ்விடம் 88 முதல் 92 டிகிரி பாரன்ஹீட்டும், முன்பக்கம் சுமார் 78 முதல் 80 டிகிரியும் இருக்குமாறு அமைப்பர். தொட்டி முழுதும் ஒரே சூடாயிருந்தால் பாம்புக்கு விலகிச் செல்ல இடமிராது. உஷ்ணத்தை அளந்து மின்சாரத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவியின்றிப் பட்டையை எரியவிடுவது பெருந்தவறு. பாம்பின் வயிறு வெந்துபோவதும், மனை தீப்பற்றுவதும் அதனால் நேரக்கூடும். பக்கங்களில் சிறு துளைகள் காற்றுக்காக இடப்படும். கவிழாத கனமான நீர்க்கிண்ணம் ஒன்றும், தரையில் காகிதமோ மரத்தூளோ போதுமானவை. புதிதாக வந்த பாம்பைச் சில மாதங்கள் வேறு அறையில் வைத்துப் பார்த்த பின்னரே அடுக்கில் சேர்ப்பர். இல்லாவிடில் ஒன்றன்மேலுள்ள உண்ணி அடுக்கு முழுதும் பரவும்.

இம்முறையில் இடமும் செலவும் குறையும். சுத்தம் செய்வதும் எளிது. ஆயினும் பாம்பு தன் முழு நீளத்துக்கு உடலை நீட்ட இயலாத சிறு தொட்டிகள் அதன் நலத்துக்கு ஒவ்வா என்று அந்நாடுகளிலேயே பலர் ஆட்சேபிக்கின்றனர். அது நியாயமான ஆட்சேபமே.

3. வடநெம்மேலிப் பானைகள்

சென்னைக்குத் தெற்கே மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி என்னும் ஊர் உள்ளது. அங்கே இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தொடங்கப்பெற்றது. முன்னர் இருளர்கள் பாம்புத் தோல் வியாபாரிகளுக்காகப் பாம்புகளைப் பிடித்துக் கொடுத்து ஜீவனம் செய்தனர். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாலும் பின்வந்த ஏற்றுமதித் தடையாலும் அத்தொழில் நின்றது. அவர்களுடைய அரிய திறமை வீண்போகாதபடி, ராமுலஸ் விட்டேக்கர் என்பவரின் முயற்சியால் இச்சங்கம் அமைந்தது.

இங்கே மின்சாரப் பட்டையும் இழுப்பறையும் இல்லை. மண்பானைகளில் மணல் இட்டு, பாம்பை உள்ளே விட்டு, வாயைக் காற்றுப் புகும் பருத்தித் துணியால் மூடிக் கயிற்றால் கட்டிவிடுகின்றனர். மேலே கூறிய நான்கும் இதில் அமைந்திருப்பதைக் கவனிக்க. பானையின் சுவர் வெயிலின் கடுமையைத் தணிக்கிறது; மணல் ஈரத்தைக் காக்கிறது; துணி காற்றை விடுகிறது; இருள் பாம்பைச் சாந்தப்படுத்துகிறது.

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையே, வன இலாகா அனுமதித்த எண்ணிக்கைக்குள் பிடிக்கின்றனர். மூன்று நான்கு வாரங்கள் வைத்திருந்து, இடைவிட்டுச் சில முறை விஷமெடுத்து, அடிவயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, மீண்டும் வெளியில் விடுகின்றனர். அடையாளம் கண்டால் அதே பாம்பை உடனே மறுபடி பிடிக்க மாட்டார்கள். எடுத்த விஷம் உறையவைத்து உலர்த்தப்பட்டு மருந்துச் சாலைகளுக்குச் செல்கிறது. அங்கே குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக அதைச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து மருந்து செய்கின்றனர். இத்தொழிலில் தேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருளர் இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

4. சட்டம்

மேற்கண்டவற்றைப் படித்து எவரேனும் தம் வீட்டில் பாம்பு வளர்க்க எண்ணினால் அது தகாது. நம் நாட்டுப் பாம்புகளை, விஷமற்ற சாரையாயினும், அனுமதியின்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். சர்வதேச ஒப்பந்தத்தில் அடங்கிய பிற தேசத்துப் பாம்புகளை வைத்திருப்போரும் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி அரசாங்கத்திடம் பதிவு செய்துகொள்ளவேண்டும். கிராம அலுவலர்கள் இதனை ஊராருக்கு எடுத்துரைப்பது நலம்.

5. நிலச்சுவான்தார்கள் செய்யவேண்டியவை

(அ) அனுமதிச்சீட்டுடன் வரும் இருளர்களை வரப்பிலும் புற்றிலும் தேட விடுக. அவர்கள் கொண்டுபோகும் பாம்பு உங்கள் ஊரார் உயிரைக் காக்கும் மருந்தாகத் திரும்பி வரும்.

(ஆ) வைக்கோற்போர், விறகுக் குவியல், தானியக் குதிர் ஆகியவற்றை வீட்டுக்குச் சற்றுத் தள்ளி வைக்கவும். வீட்டில் எலி குறைந்தால் பாம்பும் குறையும்.

(இ) இரவில் நீர் பாய்ச்சச் செல்வோர் விளக்கும் கால்மூடிய பாதரட்சையும் இன்றிச் செல்லலாகாது. தரையில் படுப்போரைக் கட்டுவிரியன் தூக்கத்தில் தீண்டுவதுண்டு. கட்டிலும் நன்கு செருகிய கொசுவலையும் காப்பாகும்.

(ஈ) கடிபட்டால் அவ்விடத்தைக் கீறுவதும், உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் கேடு. கடிபட்ட அங்கத்தை அசையாது வைத்து, 108 வண்டியை அழைத்து, தாமதமின்றி மருந்துள்ள ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். பாம்பைத் தேடிப்பிடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை.

(உ) தமிழ்நாட்டில் பாம்புக்கடி 2024 முதல் அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோயாக உள்ளது. மந்திரிப்பவரிடம் போய்க் காலம் கழிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்தால்தான் எவ்வூரில் எவ்வளவு மருந்து தேவை என்பதும் விளங்கும்.

பாம்பைக் கண்டவிடத்தில் அடித்துக் கொல்வதால் கடி ஒழிந்துவிடாது. அதன் இயல்பை அறிந்து ஒதுங்கி நடப்பதும், கடித்தால் மருந்தை நாடுவதுமே குடியானவருக்கு உற்ற பாதுகாப்பாகும்.