சின்னக் கணிப்பொறியும் அதன் துணைக் கருவிகளும்

(பத்தாம் வகுப்பு – அறிவியல் கட்டுரை)

கணிப்பொறி என்றவுடன் ஒரு மேசையை அடைத்துக்கொண்டு நிற்கும் பெட்டியும் திரையும் நம் நினைவுக்கு வரும். ஆனால் 85 மில்லிமீட்டர் நீளமும் 56 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட ஒரே பலகையில் முழுக் கணிப்பொறியும் அடங்கிவிடுகிறது என்றால் வியப்பாக இருக்கிறது அல்லவா? ராஸ்பெரி பை என்பது அத்தகைய ஒரு பலகை. இங்கிலாந்து நாட்டின் கேம்பிரிட்ஜ் நகரில் எபென் அப்டன் என்பவரும் அவருடைய நண்பர்களும் பள்ளிப் பிள்ளைகள் கணிப்பொறியைத் தொட்டுப் பழகிக் கற்க வேண்டும் என்ற நோக்கத்துடன் இதனை உருவாக்கினார்கள். 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் இது விற்பனைக்கு வந்தது. நம் அண்டை மாநிலமான கேரளத்தில் 2015-ஆம் ஆண்டில் அரசே பள்ளி மாணவர்களுக்கு இப்பலகைகளை வழங்கியது.

இப்பலகையை வாங்குபவர்கள் எல்லாருக்கும் விரைவிலேயே ஒரு கேள்வி எழுகிறது. "கீபோர்டு, மௌஸ், கேமரா, பென்டிரைவ், ஹார்டு டிஸ்க் என்று இத்தனை கருவிகளையும் இந்தச் சின்னப் பலகையில் எப்படி இணைப்பது?" என்பதே அது. இக்கேள்விக்கு விடை காண நாம் படிக்கும் பத்தாம் வகுப்பு மின்னியல் பாடமே போதும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நம் ஊருக்கு இது எதற்கு?

பச்சைமலை அடிவாரத்தில் உள்ள நம் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் பெயர் பெற்றது. வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில் நம் சிற்பிகள் செதுக்கும் உருவங்கள் ஒரே மரத்துண்டிலிருந்து பிறப்பவை. 2020-ஆம் ஆண்டில் அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இது நம் அனைவருக்கும் பெருமை.

ஆனால் ஒன்றை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சிற்பம் முடிந்தவுடன் அது வண்டியேறி வெளியூருக்குப் போய்விடுகிறது. அதன் அழகை மறுபடி பார்க்க வேண்டுமானால் அது சென்ற ஊருக்கே நாமும் செல்ல வேண்டும். போகும் முன் அதனை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் படம் பிடித்து, எந்த மரம், எத்தனை அடி, எந்த ஆண்டு என்ற குறிப்புகளுடன் சேர்த்து வைத்தால் அது ஊருக்கே ஒரு நூலகமாகும். பின்னால் உளி பிடிக்கப் போகும் பிள்ளைகளுக்கும் பாடநூலாக அமையும். இவ்வேலைக்குப் பெரிய கணிப்பொறி தேவையில்லை. ஒரு சின்னப் பலகையும் அதனுடன் சில துணைக் கருவிகளும் போதும்.

அக்கருவிகளை எண்ணிப் பார்ப்போம். எழுத ஒரு கீபோர்டு, சுட்டிக் காட்ட ஒரு மௌஸ், படம் பிடிக்க ஒரு வெப்கேமரா, படங்களை எடுத்துச் செல்ல ஒரு பென்டிரைவ், எல்லாவற்றையும் சேர்த்து வைக்க ஒரு ஹார்டு டிஸ்க் என ஐந்து ஆகின்றன. பலகையில் இருப்பவையோ நான்கு யு.எஸ்.பி. போர்ட்டுகள்தாம்.

யு.எஸ்.பி. பிறந்த கதை

1990-களின் தொடக்கத்தில் கணிப்பொறியின் பின்புறம் பார்த்தால் கீபோர்டுக்கு ஒரு வடிவம், மௌஸுக்கு வேறு வடிவம், அச்சுப் பொறிக்கு அகலமான மற்றொரு வடிவம் என்று போர்ட்டுகள் பல இருந்தன. குஜராத் மாநிலம் வடோதரா பல்கலைக்கழகத்தில் பயின்று, பின்னர் அமெரிக்காவின் இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய அஜய் பட் என்ற நம் நாட்டவர் இதற்கு ஒரு முடிவு காண விரும்பினார். தம் வீட்டில் மகளின் பள்ளி வேலைக்காக அச்சு எடுக்கப்பட்ட பாடே இந்த எண்ணத்தைத் தூண்டியது என்று அவர் பேட்டிகளில் கூறியிருக்கிறார். எல்லாக் கருவிகளுக்கும் ஒரே பிளக் என்ற அவர் குழுவினரின் கருத்து 1996-ஆம் ஆண்டு ஜனவரியில் யு.எஸ்.பி. என்ற பெயரில் வெளிவந்தது. 2000-ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் பதிப்பு நொடிக்கு 480 மெகாபிட் வேகமும், 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பு நொடிக்கு 5 ஜிகாபிட் வேகமும் கொண்டவை.

இரண்டாம் பதிப்பின் கம்பிக்குள் நான்கு மெல்லிய கம்பிகள் உள்ளன. இரண்டு செய்தியைக் கொண்டு செல்கின்றன; மற்ற இரண்டு மின்சாரத்தைக் கொண்டு செல்கின்றன. ஆகவே யு.எஸ்.பி. என்பது தபால்காரராகவும் இருக்கிறது. சோறு பரிமாறுபவராகவும் இருக்கிறது. பலர் முதல் பணியை மட்டும் நினைக்கிறார்கள், இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

எத்தனை கருவிகளை இணைக்கலாம்?

செய்தியைப் பொறுத்தவரை இடத்துக்குப் பஞ்சமே இல்லை. புதிய கருவி ஒன்றைச் செருகியதும் கணிப்பொறி அதனிடம் "நீ யார்? உனக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்?" என்று கேட்கிறது. அது விடை கூறியதும் அதற்கு ஓர் எண் தருகிறது. இவ்வாறு ஒரு தொடரில் 127 எண்கள் வரை தரலாம். போர்ட் போதாவிட்டால் ஹப் என்ற கிளைப் பெட்டியை இணைத்து, ஒரு போர்ட்டை நான்காகவோ ஏழாகவோ பெருக்கிக் கொள்ளலாம். கணிப்பொறிக்கும் கருவிக்கும் இடையே ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து ஹப்கள் வரை இருக்கலாம் என்பது விதி. ராஸ்பெரி பை ஸீரோ என்ற மிகச் சிறிய பலகையில் கருவிகளை இணைக்க ஒரே போர்ட்தான் உண்டு என்பதால், அதில் இரண்டாவது கருவிக்கே ஹப் தேவைப்படும்.

இணைத்த கருவிகளைக் கணிப்பொறி அறிந்துகொண்டதா என்று பார்ப்பது எளிது. கட்டளைத் திரையில் எல், எஸ், யு, எஸ், பி என்னும் ஐந்து ஆங்கிலச் சிறிய எழுத்துகளை இடைவெளியின்றித் தட்டினால் எல்லாக் கருவிகளின் பட்டியலும் வரும்.

மின்சாரத்தில்தான் கணக்கு

கிணற்று மோட்டார் ஒன்று. அது இறைக்கும் நீரும் ஓர் அளவுதான். வரப்பை வெட்டி நான்கு வாய்க்காலை எட்டு வாய்க்காலாக்கினால் நீர் இரட்டிப்பாகிவிடுமா? ஆகாது. கடைசி வயல் காயும். ஹப்பின் நிலையும் இதுவே. அது போர்ட்டுகளைப் பெருக்குகிறது, மின்சாரத்தைப் பெருக்குவதில்லை.

2019-இல் வந்த ராஸ்பெரி பை 4 பலகையை எடுத்துக் கொள்வோம். அதற்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் தரப்படுகிறது. பலகை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, நான்கு யு.எஸ்.பி. போர்ட்டுகளுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர், அதாவது 1200 மில்லி ஆம்பியர் வரைதான் வழங்கும். நம் கருவிகளின் தேவையைத் தோராயமாக இவ்வாறு கொள்வோம்:

கீபோர்டு – 100 மில்லி ஆம்பியர்
மௌஸ் – 100 மில்லி ஆம்பியர்
வெப்கேமரா – 250 மில்லி ஆம்பியர்
பென்டிரைவ் – 150 மில்லி ஆம்பியர்
மொத்தம் – 600 மில்லி ஆம்பியர்

இது 1200-க்குள் அடங்குகிறது. கவலையில்லை. இப்போது ஹார்டு டிஸ்க்கைச் சேர்ப்போம். அதன் உள்ளே ஒரு தட்டு சுழல்கிறது. நின்ற தட்டைச் சுழற்றத் தொடங்கும் வேளையில் அதற்கு 900 மில்லி ஆம்பியர் வரை தேவைப்படலாம். 600-உடன் 900 சேர்ந்தால் 1500. பலகை தரக்கூடியதைவிட 300 மிகுதி! நான்கு கருவிகளுடன் நன்றாக வேலை செய்த கணிப்பொறி ஐந்தாவது வந்ததும் தடுமாறுவது ஏன் என்பது இப்போது விளங்குகிறது.

2023-இல் வந்த ராஸ்பெரி பை 5 பலகைக்கும் கணக்கு உண்டு. அதற்கென்றே உள்ள 5 ஆம்பியர் அடாப்டரைப் பொருத்தினால் யு.எஸ்.பி. கருவிகளுக்கு 1.6 ஆம்பியர் தருகிறது. பழைய 3 ஆம்பியர் அடாப்டரைப் பொருத்தினாலோ, 600 மில்லி ஆம்பியருடன் நிறுத்திக்கொள்கிறது. பலகை புதியதாக இருந்தால் மட்டும் போதாது, அடாப்டரும் ஏற்றதாக இருக்க வேண்டும்.

ஓம் விதி இங்கும் உண்டு

மின்னழுத்தம் என்பது மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கி வருவது என்று படிக்கிறோம். அடாப்டரிலிருந்து பலகைக்கு வரும் கம்பி மெலிந்தும் நீண்டும் இருந்தால் அதன் மின்தடை கூடும். அந்த மின்தடை 0.2 ஓம் எனவும், அதில் 2.5 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது எனவும் கொள்வோம். கம்பியிலேயே 0.5 வோல்ட் இழப்பாகிவிடும். அடாப்டர் 5.1 வோல்ட் தந்தாலும் பலகையை வந்தடைவது 4.6 வோல்ட்தான். ராஸ்பெரி பை, மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் திரையின் மூலையில் மஞ்சள் நிற மின்னல் குறி ஒன்றைக் காட்டி எச்சரிக்கும். அக்குறியைக் கண்டால் அலட்சியம் செய்யலாகாது. முதலில் கம்பியையும் அடாப்டரையும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

இழப்பது எதை?

"மின்சாரம் சற்றுக் குறைந்தால் என்ன? கருவி அணைந்து மறுபடி எரியும், அவ்வளவுதானே?" என்று தோன்றலாம். மௌஸுக்கு அது சரி. ஹார்டு டிஸ்க்குக்குச் சரியன்று. கணிப்பொறி ஒரு படத்தை வட்டில் எழுதும்போது படத்தை மட்டும் எழுதுவதில்லை. எந்தப் படம் எந்த இடத்தில் உள்ளது என்ற அட்டவணையையும் திருத்தி எழுதுகிறது. அந்த நொடியில் மின்சாரம் குன்றினால் அட்டவணை பாதியில் நின்றுவிடும். அன்று எடுத்த படம் மட்டுமன்றி முன்பே சேர்த்தவையும் படிக்க முடியாமல் போகக்கூடும். சிற்பம் ஊரை விட்டுப் போன பிறகு அதன் படமும் போய்விட்டால், மறுபடி எடுக்க நம்மிடம் என்ன இருக்கும்? மில்லி ஆம்பியர் கணக்கு ஏட்டுக் கணக்கு அன்று என்பதை இதனால் அறியலாம்.

இரு வகை ஹப்கள்

ஹப் வாங்கும்போது அது எவ்வகை என்று கேட்டு வாங்க வேண்டும்.

முதல் வகைக்குத் தனி அடாப்டர் இல்லை. பலகையிலிருந்தே மின்சாரம் பெறும். இரண்டாம் பதிப்பு விதிப்படி ஒரு போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர். ஹப் தனக்கு 100 எடுத்துக்கொண்டால் மீதி 400. அதனை நான்கு போர்ட்டுகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 100 மட்டுமே. கீபோர்டுக்கும் மௌஸுக்கும் இது போதும். ஹார்டு டிஸ்க்குக்குப் போதாது.

இரண்டாம் வகைக்குத் தனி அடாப்டர் உண்டு. சுவரிலிருந்து நேரே மின்சாரம் பெற்றுக் கருவிகளுக்கு வழங்கும். பலகையுடன் செய்தியை மட்டும் பகிர்ந்துகொள்ளும். ஹார்டு டிஸ்க்குக்கு இதுவே ஏற்றது. ஆனால் இதிலும் ஒரு சோதனை செய்ய வேண்டும். பலகையின் அடாப்டரைக் கழற்றிவிட்டு, ஹப்பை மட்டும் மின்சாரத்தில் வைத்துப் பலகையுடன் இணைக்க வேண்டும். அப்போது பலகையின் சிவப்பு விளக்கு எரிந்தால், அந்த ஹப் மின்சாரத்தைப் பின்வழியாகப் பலகைக்குள் தள்ளுகிறது என்று பொருள். அத்தகைய ஹப்பைத் தவிர்ப்பதே நலம்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். ராஸ்பெரி பை 4 பலகையில் இரண்டு போர்ட்டுகளின் உள்ளே நீல நிறம் இருக்கும். அவை மூன்றாம் பதிப்பைச் சேர்ந்தவை. ஹார்டு டிஸ்க்குக்கான ஹப்பை நீலத்திலும், கீபோர்டு, மௌஸ் இரண்டையும் கறுப்பிலும் செருகுவது முறை. ஹப்பும் மூன்றாம் பதிப்பாக இருந்தால்தான் அந்த வேகம் கிடைக்கும்.

கடைப்பிடிக்க வேண்டிய முறை

1. ஒவ்வொரு கருவியின் அடியிலும் உறையிலும் அச்சிட்டுள்ள ஆம்பியர் அளவைப் படித்து ஒரு தாளில் எழுதிக் கூட்டுக.

2. கூட்டுத்தொகை பலகையின் வரம்புக்குள் இருந்தால் நேராக இணைக்கலாம். மீறினால், அதிகம் உண்ணும் கருவியை அடாப்டர் உள்ள ஹப்புக்கு மாற்றுக.

3. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் செருகாமல் ஒவ்வொன்றாகச் செருகிப் பட்டியலைப் பார்க்க. எதைச் செருகியபோது தொல்லை வந்தது என்பது உடனே தெரியும்.

4. ஹார்டு டிஸ்க்கையும் பென்டிரைவையும் திரையில் வெளியேற்றும் கட்டளை கொடுத்த பின்பே கழற்றுக.

5. முக்கியமான படங்களுக்கு வேறொரு வட்டில் இன்னொரு படி வைக்க. மின்வெட்டுக்கு முன்னறிவிப்புக் கிடைப்பதில்லை.

அன்புத் தோழியரே, பெரிய கணிப்பொறி இல்லையே என்று நாம் ஏங்க வேண்டியதில்லை. கையில் அடங்கும் பலகை ஒன்று, கூட்டல் கழித்தல் தெரிந்த மனம் ஒன்று, பொறுமை ஒன்று இருந்தால் நம் ஊரின் கைத்திறனை நாமே காத்து வைக்கலாம். பெற்றோர்களும் ஆசிரியர்களும் இத்தகைய முயற்சிக்குத் துணை நின்றால், இன்று செதுக்கப்படும் சிற்பத்தை நாளை பிறக்கும் குழந்தையும் அரும்பாவூரில் இருந்தபடியே காணும். இன்னொரு கருவியைச் செருகப் போகும் போதெல்லாம், போர்ட் காலியாக உள்ளதா என்று பார்ப்பதுடன் நில்லாமல், மின்சாரம் மீதியுள்ளதா என்றும் கணக்கிட்டுப் பார்ப்போமாக!