பக்கவாதமும் மூளையின் மடைகளும்



பக்கவாதம் வந்தவருக்கு பிரஷர் பார்த்தால் பல நேரம் 180, 200 என்றுதான் காட்டும். உடனே பதறிப்போய் வீட்டிலிருக்கும் பிரஷர் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துவிடுகிறோம். என் வாப்பாவுக்கு வலது கை விழுந்த இரவில் நானும் அதைத்தான் செய்தேன். அது தவறு என்று பிறகு ஒரு மருத்துவர் சொல்லித்தான் தெரியும்.

உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் நிமிடத்துக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் இரத்தம் அதற்கு வேண்டும். படுத்தாலும் எழுந்தாலும் கோபப்பட்டாலும் நம் பிரஷர் ஏறி இறங்குகிறது. மூளைக்குப் போகும் அளவோ பெரிதாக மாறுவதில்லை. மேலப்பாளையத்துக்காரர்களுக்கு பாளையங்கால்வாயைச் சொன்னால் இது புரியும். ஆற்றில் தண்ணீர் கூடினால் லஸ்கர் ஷட்டரை இறக்குவார், குறைந்தால் ஏற்றுவார். மூளையின் சிறு தமனிகள் இந்த வேலையைத் தாமாகவே செய்கின்றன. பிரஷர் ஏறினால் சுருங்கும், இறங்கினால் விரியும். டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் லாஸன் 1959-இல் இதை விளக்கி எழுதினார்.

இரத்தக்கட்டி ஒரு குழாயை அடைத்தால், அந்தக் குழாயை மட்டுமே நம்பியிருந்த பகுதி சில நிமிடங்களில் சாகத் தொடங்கும். அதைச் சுற்றியுள்ள பகுதி அப்படியல்ல. பக்கத்துக் குழாய்களிலிருந்து வரும் கொஞ்ச இரத்தத்தில், வேலை செய்யாமல், ஆனால் உயிரோடு கிடக்கும். கடைமடை வயல் மாதிரி. அங்கே தமனிகள் ஏற்கெனவே முழுதாக விரிந்துவிட்டன; மேலும் தூக்க ஷட்டர் இல்லை. ஆற்றில் எவ்வளவோ அதைப் பொறுத்ததுதான் வயலுக்கு. அந்த நேரம் பார்த்து நாம் பிரஷரைச் சட்டென்று இறக்கினால் முதலில் காய்வது அந்தக் கடைமடைதான். மீண்டிருக்கக்கூடிய பேச்சும் கையும் அதோடு போகலாம். பல வருட பிரஷர்காரருக்கு ஆபத்து இன்னும் அதிகம். அவருடைய தமனிகள் உயர்ந்த அழுத்தத்துக்கே பழகிவிட்டவை.

அதனால்தான் அடைப்புப் பக்கவாதத்தில், கட்டியைக் கரைக்கும் ஊசி போடாதவருக்கு, 220/120-ஐத் தாண்டாதவரை முதல் நாளில் மருத்துவர்கள் பொதுவாக பிரஷரை இறக்குவதில்லை. ஊசி போடுவதானால் 185/110-க்குக் கீழே கொண்டுவருவார்கள். மூளையில் இரத்தம் கசிந்திருந்தால் விஷயமே வேறு. அங்கே சீக்கிரம் இறக்கவே பார்ப்பார்கள். எந்த வகை என்று ஸ்கேன்தான் சொல்லும். வாய் கோணியதை வைத்து யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

வாய் கோணல், கை தொய்வு, பேச்சுக் குழறல், இதில் ஒன்று வந்தாலும் 108-ஐ அழையுங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தூக்கத்தில் வந்திருந்தால், படுக்கப்போன நேரம்தான் கணக்கு. ஊசிக்குப் பொதுவாக 4½ மணி நேரமே கெடு. அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு வர சாலையிலேயே ஒரு மணி நேரம் போய்விடும், ஆகவே விடியட்டும் என்று இருக்காதீர்கள். விழுங்கும் தசை தளர்ந்திருக்கலாம். வாயில் எதுவும் கொடுக்க வேண்டாம், ஸம்ஸம் தண்ணீர்கூட.

தினமும் சாப்பிடும் பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கவாதம் வராமல் தடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.