எந்த பிராட்பேண்ட் போடலாம்?

கேள்வி: வீட்டுக்கு பிராட்பேண்ட் போட வேண்டும். கட்டுப்படியான விலையில், அடிக்கடி படுத்துவிடாத இணைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். பிஎஸ்என்எல், ஜியோ, ஏர்டெல் என எதுவானாலும், கேபிள் அறுந்தால் உங்கள் தெருவுக்கு ஆள் எப்போது வருகிறார் என்பதுதான் முக்கியம். வீடு வரை ஃபைபர் வருகிறதா என்றும் கேளுங்கள்.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 50 முதல் 100 எம்பிபிஎஸ் தாராளம். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட்தான், எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள். விளம்பரக் கட்டணத்தோடு பெரும்பாலும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். டேட்டா வரம்பு தாண்டினால் வேகம் எவ்வளவு குறையும் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

ஆண்டுச் சந்தா மலிவாகத் தெரியும். அவசரப்படாமல் ஒரு மாதம் மட்டும் கட்டி, இரவு 9 மணி நெரிசலில் வேகத்தைச் சோதியுங்கள். தேறினால் தொடருங்கள்.