ஆயாவின் கைநடுக்கம் பேத்திக்கும் வருமா?

விலங்கியல் வகுப்பில் மரபியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. மெண்டலின் பட்டாணிச் செடிகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தோம். அப்போது பெருமுக்கலிலிருந்து வரும் நம் தோழி ஒருத்தி எழுந்தாள்.

"சிஸ்டர், எங்கள் ஆயாவுக்கு இரண்டு வருடமாகக் கை நடுங்குகிறது. மல்லாட்டை உரிக்கக்கூட முடியவில்லை. பார்க்கின்சன் நோய் என்று டாக்டர் சொன்னார். இது பரம்பரை வியாதி, பெண்பிள்ளை இருக்கும் வீட்டில் வெளியே சொல்லாதீர்கள் என்கிறார்கள் உறவினர்கள். எனக்கும் வருமா, சிஸ்டர்?"

வகுப்பே அமைதியாகிவிட்டது. "நல்ல கேள்வி. எல்லோரும் சேர்ந்து படித்து விடை தேடுங்கள்" என்றார் சிஸ்டர். அவ்வாறு நாங்கள் படித்தறிந்ததை இங்கே தருகிறோம்.

1817-ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை முதன்முதலில் தெளிவாக விவரித்து எழுதினார். நம் மூளையின் நடுப்பகுதியில் கருநிறமான ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள உயிரணுக்கள் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. நம் கைகால்கள் தடையின்றி அசைவதற்கு இப்பொருள் தேவை. அந்த உயிரணுக்கள் சிறிது சிறிதாக அழியும்போது நடுக்கமும், தசை விறைப்பும், நடையில் தளர்ச்சியும் உண்டாகின்றன. பெரும்பாலும் 60 வயதை ஒட்டியோ அதற்குப் பின்னரோதான் இந்நோய் தோன்றுகிறது.

இது பரம்பரை நோயா? 1997-ல் இத்தாலிய வம்சாவளிக் குடும்பம் ஒன்றில், இந்நோயை உண்டாக்கும் மரபணு மாற்றம் ஒன்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பிறகு வேறு சில மரபணுக்களும் தெரியவந்தன. ஆயினும் ஒரே ஒரு மரபணுக் கோளாற்றால் நோய் அடைபவர்கள் சிறு பகுதியினரே. மற்றவர்களிடம் முதுமை, பற்பல சிறு மரபணு வேறுபாடுகள், சூழ்நிலை ஆகியவை கூடிச் செயற்படுகின்றன. வயலில் அடிக்கும் சிலவகைப் பூச்சிமருந்துகளும் களைக்கொல்லிகளும் இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரே குடும்பத்தார் இரத்தத்தை மட்டுமா பகிர்ந்துகொள்கிறார்கள்? ஒரே வயலில் உழைத்து, ஒரே கிணற்று நீரையும் குடிக்கிறார்கள் அல்லவா?

இன்னொரு செய்தி எங்களை வியப்பில் ஆழ்த்தியது. ஒரு மக்களிடம் மிகுதியாகக் காணப்படும் மரபணு மாற்றம் மற்றொரு மக்களிடம் அரிதாகவோ இல்லாமலோ இருக்கலாம்! 2004-ல் எல்.ஆர்.ஆர்.கே. 2 என்ற மரபணு அறியப்பட்டது. அதிலுள்ள ஒரு மாற்றம், வட ஆப்பிரிக்க அரபு மக்களில் இந்நோயுற்ற 100 பேரில் ஏறத்தாழ 40 பேரிடம் உள்ளது. அதே மரபணுவின் வேறொரு மாற்றம் சீனர், ஜப்பானியர், கொரியர் இடையே காணப்படுகிறது. 2023-ல் நைஜீரியா முதலிய நாடுகளின் ஆப்பிரிக்க வம்சாவளி மக்களிடம் ஜி.பி.ஏ. 1 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் கண்டறியப்பட்டது. ஐரோப்பியரிடம் அது மிக அரிது.

நம் நிலை என்ன? வட ஆப்பிரிக்காவில் மிகுதியாக உள்ள அந்த மாற்றம், தென்னிந்தியரின் நோய்க்குக் காரணமாக இல்லை என்று திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தார் 2011-ல் எழுதினர். அயல்நாட்டார்க்கென வகுத்த சோதனையை நமக்குச் செய்து "குறையில்லை" என்று மகிழ்வதும் தவறு. அவர்களுடைய கணக்கைப் படித்து அஞ்சுவதும் தவறு. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தார் டி.எம்.வி. மணிலா ரகங்களை நம் மண்ணில் விதைத்துப் பார்த்த பிறகுதானே உழவர்க்குத் தந்தார்கள்? மரபணு ஆராய்ச்சிக்கும் அதுவே முறை. நம் நாட்டில் 83 மக்கட் குழுக்களைச் சேர்ந்த ஏறத்தாழ 10,000 பேரின் மரபணுத் தொகுதியைப் படிக்கும் 'ஜீனோம் இந்தியா' பணி 2024-ல் நிறைவெய்தியது. இத்தகைய ஆராய்ச்சிகளுக்கு அது அடித்தளமாகும்.

எண்களைப் பார்க்கும்போதும் நிதானம் வேண்டும். பம்பாய்ப் பார்சி மக்களிடையே இலட்சத்துக்கு 328 பேருக்கு இந்நோய் இருப்பதாக 1988-ல் ஓர் ஆய்வு கூறிற்று. 2004-ல் வெளியான பெங்களூர் மாவட்ட ஆய்விலோ இலட்சத்துக்கு 33 பேர்தான். உடனே "பார்சிகளின் இரத்தமே காரணம்" என்று முடிவு கட்டலாமா? கூடாது. அச்சமூகத்தில் முதியோர் மிகுதி. இது முதுமையில் வரும் நோயாதலால் எண்ணிக்கையும் கூடுகிறது. மரபணுவுக்கும் பங்கு இருக்கலாம். எனினும் முதலில் வயதைக் கழித்துவிட்டே ஒப்பிட வேண்டும்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. 1998-ல் ஜப்பானியர் கண்டறிந்த பார்க்கின் என்னும் மரபணு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்று வந்தால் இளமையிலேயே, பெரும்பாலும் 40 வயதுக்கு முன்பே, நோயைத் தருகிறது. தாய்மாமனையோ மாமன் மகனையோ மணக்கும்போது ஒரே பழுது இருபுறமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு மிகுதி. குடும்பத்தில் இளவயதிலேயே இந்நோய் கண்டவர் இருந்தால், உறவுக்குள் மணம் பேசுமுன் மருத்துவரைக் கேட்பது நலம்.

இனி நம் தோழிக்கு விடை கூறுவோம். ஆயாவுக்கு முதிய வயதில் வந்த நோய் பேத்திக்கும் வந்தே தீரும் என்பதில்லை. குடும்பத்தில் இருந்தால் வாய்ப்புச் சற்றுக் கூடும், அவ்வளவே. எல்.ஆர்.ஆர்.கே. 2 மாற்றம் உள்ளவர்களிற்கூடப் பலர் 80 வயதிலும் நோயின்றி வாழ்கிறார்கள். மரபணு தலையெழுத்து அன்று.

இந்நோய்க்கு இன்றும் முதன்மையான மருந்து எல்-டோப்பா. நம் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையிலும் அது உண்டு! 1937-ல் சென்னையில் தாமோதரன், இராமசாமி என்ற இரு அறிஞர்கள் அவ்விதையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். ஆனால் விதையைப் பறித்துத் தின்பது ஆபத்து. மருத்துவர் தரும் அளவே மருந்தாகும்.

நோயை மறைத்தால் மருந்து தாமதமாகும். ஆயாவும் இருட்டறையில் முடங்கிவிடுவார். நம் தோழியின் வீட்டில் இப்போது மறைப்பதில்லை. நாள்தோறும் குறித்த நேரத்தில் மாத்திரை கொடுத்து, மாலையில் கையைப் பிடித்துத் தெருவில் நடக்கவைக்கிறாள் பேத்தி. நம் வீட்டு முதியோரின் கை நடுங்கும்போது, அதைப் பற்றிக்கொள்ள நம் கையும் நீளட்டும்!