பழைய மோட்டார் வண்டிகளில் எண்ணெய், நீர் ஒழுக்கு

மோட்டார் வண்டியில் ஒழுக்குக் காணப்படின், அதனை அடைக்குமுன் அது எங்கே பிறக்கின்றது என்று அறிதல் வேண்டும். நிலத்திற் சொட்டும் இடம் வேறு. கசிவு தொடங்கும் இடம் வேறு. இதனை மறந்து கண்ட மரைகளையெல்லாம் இறுக்குவோர் பழுதைப் பெருக்குவர்.

எம் வடபுலத்தார்க்கு இது வெறும் பொழுதுபோக்கன்று. 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொறிஸ் மைனரும், அக்கால ஒஸ்ரின் ஏ-40 வண்டியும், 1990இற்குப் பின் எரிபொருட் தடை நிலவிய ஆண்டுகளில் எம் மக்களுக்குப் பேருதவி புரிந்தன. சிறிது பெற்றோல் விட்டு எஞ்சினைத் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். அமுக்கம் குறைந்த எஞ்சின்களாதலின் அஃது இயன்றது. ஆயின் முற்றாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து இறங்கி, எஞ்சின் எண்ணெயுடன் கலந்தது. எண்ணெய் ஒழுகிக் குறைந்தபோதும் அளவுகோல் நிறைவு காட்டும். உள்ளிருப்பதோ நீர்த்த எண்ணெய். அதனால் தாங்கிகள் தேயும். ஆகவே அளவை மட்டும் நோக்காது, கோலை முகர்ந்தும், எண்ணெயை விரலிடையே தேய்த்தும் பார்த்தல் வேண்டும். கார்புரேற்றர் பெருகிப் பெற்றோல் இறங்கும் வண்டிகட்கும் இவ்விதி பொருந்தும்.

ஒழுக்கின் பிறப்பிடம் காணும் முறை எளிது. எஞ்சினைக் கழுவி உலர்த்துக. ஐயமான இணைப்புகளில் வெண்கட்டித் தூளைத் தூவுக. சிறிது தூரம் ஓட்டியபின் பார்க்குக. காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளும். ஆதலின் நனைந்த இடங்களுள் மிக உயர்ந்ததும் முன்னுள்ளதுமே பெரும்பாலும் பிறப்பிடம்.

1952 முதல் மைனரிற் பொருத்தப்பட்ட எஞ்சினில், சுழல்தண்டின் பின்முனைக்கு இறப்பர் அடைப்பில்லை. தண்டிலுள்ள திருகுவரையே எண்ணெயை உள்ளே திருப்புகின்றது. எனவே நிறுத்திய வண்டியின் கிளச் பெட்டியடியிற் சில துளிகள் வீழ்தல் இயல்பு. அது பெருகின், முதலில் எஞ்சினின் மூச்சுக்குழாயைத் துப்புரவு செய்க. குழாய் அடைபட்டால் உள்ளமுக்கம் உயர்ந்து, எல்லா இணைப்புகளிலும் எண்ணெயை வெளித்தள்ளும். மேல்மூடியின் தக்கை அடைப்பையோ அளவுக்குமேல் இறுக்குதலாகாது. தக்கை நசுங்கும், மூடியும் வளையும்.

நீரொழுக்கு இன்னும் விரைந்து கேடு செய்யும். நீரேற்றியையும் எஞ்சின் தலையையும் இணைக்கும் குறுகிய இறப்பர்க் குழாய் கண்ணுக்கு எளிதிற் படாது. அது வெடித்தால் நீர் சில நிமிடங்களில் வற்றும். எண்ணெய் மூடியின் அடியிற் பால்போன்ற படிவும், றேடியேற்றரில் ஓயாத குமிழிகளும் தோன்றின், தலை அடைப்புப் பழுதாயிருக்கலாம். குளிர்காலையிற் சிறிது படிவது இயல்பாதலின், இரண்டும் சேர்ந்திருத்தலை நோக்குக.

முல்லைத்தீவிலிருந்து நாயாறு, கொக்குத்தொடுவாய் கடந்து கொக்கிளாய் செல்வோர் இதனைச் சிறப்பாகக் கருதுதல் வேண்டும். கடலுக்கும் களப்புக்கும் அண்மையான அவ்வூர்ப் பக்கத்தில், அவசரத்தில் உவர்நீரை வார்க்க மனம் எழும். உப்பு இரும்பையும் பித்தளையையும் அரிக்கும். இன்றைய ஒழுக்கை அடக்கி, நாளைக்குப் பத்து ஒழுக்கைத் தரும். நன்னீர்க் கலனொன்றை உடன் கொண்டு செல்க. கொதிக்கும் றேடியேற்றரின் மூடியைத் திறவற்க. ஆறுமுன் குளிர்நீரும் வார்க்கற்க. எஞ்சின் வெடிக்கும்.

பழைய வண்டியை ஒழுகாத வண்டியாக்குதல் அரிது. அதன் ஒழுக்கை அறிந்து ஆளுதலோ நம் கையில் உள்ளது.