கட்டிடத்தின் விலையும் வாழ்நாளின் விலையும்

ஒரு கட்டிடத்தை எழுப்ப ஆகும் தொகையையே அதன் விலை எனக் கொள்ளுதல் பொதுவழக்கு. பொருளியலார் இதனை ஏற்பதில்லை. கட்டிடம் நிற்கும் காலமெல்லாம் மின்சாரம், நீர், துப்புரவு, பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு ஆகும் தொகையையும், இறுதியில் இடித்தகற்றும் செலவையும் கூட்டியே அவர்கள் விலை காண்பர். இதுவே வாழ்நாள் செலவுக் கணிப்பாகும். நகரின் பழைய பகுதிகளை இடித்துப் புதுக்குமிடத்து இது இன்றியமையாதது. இதனைப் புறக்கணித்ததன் விளைவை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர் கண்டது.

அந்நகரில் சேரிகளை அகற்றிய நிலத்தில் புரூயிட்-ஐகோ குடியிருப்பு 1954இல் திறக்கப்பட்டது. மினோரு யமசாகி வடிவமைத்த அக்குடியிருப்பில் பதினொரு மாடிகள் கொண்ட 33 கட்டிடங்களும் 2,870 வீடுகளும் இருந்தன. கட்டுமானச் செலவை நடுவணரசு ஏற்றது. பராமரிப்புச் செலவோ குடியிருப்போரின் வாடகையிலிருந்தே வரவேண்டும் என்பது ஏற்பாடு. கட்டும்போதே சிக்கனம் புகுந்தது. மின்தூக்கி மூன்று மாடிகளுக்கு ஒருமுறையே நின்றது. பூட்டுகளும் கைப்பிடிகளும் மட்டரகமாயின. 1957இல் நூற்றுக்கு 91 வீடுகளில் மக்கள் வாழ்ந்தனர். பின்னர் நகரே மெலிந்தது. 1950இல் 8,56,000க்கு மேலிருந்த மக்கள்தொகை 1970இல் 6,22,000 ஆயிற்று. வீடுகள் காலியாகக் காலியாக வாடகை வருவாய் குறைந்தது. வருவாய் குறையப் பழுதுகள் பெருகின. பழுதுகள் பெருக, இயன்றோர் வெளியேறினர். வாடகையை உயர்த்தியபோது, 1969இல் ஏழைகள் வாடகை தர மறுத்துப் போராடினர். 1972 மார்ச்சில் தகர்ப்பு தொடங்கியது. 1976க்குள் எல்லாக் கட்டிடங்களும் தரைமட்டமாயின. கட்டிடக்கலையின்மீதே பழி சுமத்துவார் உளர். அவர்கள் வரவுசெலவு ஏட்டைப் புரட்டவில்லை என்பதே என் எண்ணம்.

மாணவர்கள் கூர்ந்து நோக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. எதிர்காலச் செலவை ஒரு வட்டி வீதத்தால் கழித்தே இன்றைய மதிப்பைக் காண்பர். 30 ஆண்டுகளுக்குப்பின் 100 ரூபாய் ஆகும் பழுதின் இன்றைய மதிப்பு, 4 விழுக்காட்டில் ஏறத்தாழ 31 ரூபாய். 8 விழுக்காட்டில் 10 ரூபாய். வீதத்தை உயர்த்துவோன் பேரப்பிள்ளைகளின் சுமையை ஏட்டிலிருந்து மறைத்துவிடுகிறான்!

வருங்காலப் பழுதுக்கு முன்னரே வழிகாணுதல் நம் முன்னோர்க்குப் புதிதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஹனஃபி சட்டநூலாகிய ஹிதாயா, வக்பு வருவாயை முதற்கண் அச்சொத்தின் பராமரிப்புக்கே செலவிடவேண்டும் என்கிறது. வக்பு செய்தவர் அவ்வாறு நிபந்தனை விதிக்காவிடினும் இதுவே சட்டம். அறம் என்றும் நிலைக்கவேண்டும் என்பதே அவர் நோக்கமாதலின், பராமரிப்பின்றி அந்நோக்கம் நிறைவேறாது. திறப்புவிழாக் கல்வெட்டில் கட்டுமானத் தொகையை மட்டும் பொறித்து மகிழும் நம் நிருவாகிகளும் முத்தவல்லிகளும் எண்ணத்தக்க விதி இது. பயனாளி குடியிருப்பதற்கென்றே விடப்பட்ட வீட்டுக்கும் அந்நூல் வழி கூறுகிறது. அதனைப் பழுதுபார்ப்பது குடியிருப்பவர் பொறுப்பு. அவர் மறுத்தாலோ வறியவராயிருந்தாலோ, காஜி அவ்வீட்டைப் பிறருக்கு வாடகைக்கு விடுவார். அவ்வாடகையைக் கொண்டு செப்பனிடுவார். செப்பனிட்டு முடிந்தபின் வீட்டை உரியவரிடமே திரும்ப ஒப்படைப்பார்.